உதவி வந்து சேரும்வரை: அமெரிக்கக் கிராமப்புறக் கவுண்டிக்குக் குடிபோகிறவர்களுக்கு

நாங்கள் இந்தக் கவுண்டிக்கு (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வந்த முதல் குளிர்காலத்தில் ஓர் இரவு பனிமழை பெய்தது. மரக்கிளைகள் கண்ணாடி பூசியதுபோல் கனத்து, மின்கம்பிகளின் மேல் முறிந்து விழுந்தன. ஒன்பது மணிக்கு மின்சாரம் போனது. குழந்தைக்குத் தண்ணீர் எடுக்கக் குழாயைத் திறந்தேன். கொஞ்சம் வந்தது, இரண்டு முறை இருமியது, நின்றுவிட்டது. விளக்கு போகும், ஹீட்டர் போகும் என்று எதிர்பார்த்திருந்தேன். தண்ணீரும் போகும் என்று நினைத்ததில்லை.

நம் ஊரில் கரண்ட் போனாலும் மொட்டைமாடித் தொட்டியில் இருப்பது குழாயில் வரும். இங்கே நகருக்கு வெளியே உள்ள வீடுகளில் பெரும்பாலும் சொந்தக் கிணறு, அதற்குள் மின்பம்பு, நிலவறையில் சிறிய அழுத்தத் தொட்டி, அவ்வளவுதான். அந்தத் தொட்டியில் சில கேலன்களுக்கு மேல் எடுக்க முடியாது. பம்பு நின்றால் குடிநீரும் இல்லை, கழிவறைக்கும் தண்ணீர் இல்லை.

மருத்துவமனை வேலை, கல்லூரி வேலை, தொழிற்சாலை வேலை என்று நகரத்தை விட்டு இப்படி உள்ளடங்கிய இடங்களுக்கு வருகிற தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கே தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். அவரவர் வேலையை விட்டு ஓடிவந்துதான் வண்டியை எடுக்க வேண்டும். ஆம்புலன்ஸ் முப்பது மைலுக்கு அப்பால் நிற்கலாம். சாலையில் மரம் விழுந்திருந்தால் அதுவும் வராது. ஆகவே முதல் சில நாட்களுக்கு உங்கள் வீடு தன் காலில் நிற்க வேண்டும். அதற்கு வேண்டியதை நான் செய்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில்: உங்கள் கவுண்டிக்கு எது வரும்?

அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. கான்சஸில் இருப்பவருக்கும் கலிஃபோர்னியா மலையடிவாரத்தில் இருப்பவருக்கும் ஒரே பட்டியல் உதவாது. கடையில் ஆயத்தப் பை வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அநேகமாக ஒவ்வொரு கவுண்டியிலும் அவசரகால மேலாண்மையைப் பார்த்துக்கொள்ள ஓர் அலுவலகமோ அதிகாரியோ இருப்பார்கள். சிறிய கவுண்டியில் காவல் தலைவரான ஷெரிஃபின் அலுவலகத்தில் ஓர் அறையில் ஒருவரே உட்கார்ந்திருக்கலாம். அவர்களிடம் பேரிடர்த் தணிப்புத் திட்டம் என்று ஓர் ஆவணம் இருக்கும். கூட்டரசின் பேரிடர் நிறுவனமான ஃபீமாவின் நிதி கிடைக்க வேண்டுமானால் அதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும், எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. எந்த ஆண்டில் எந்தச் சாலை மூழ்கியது, எந்தப் பக்கம் டொர்னாடோ எனும் சுழல்காற்று போனது என்று சொல்லும் அத்தியாயத்தைப் படியுங்கள். அந்தச் சாலையின் பெயர் நீங்கள் தினமும் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிற சாலையின் பெயராகவே இருக்கக்கூடும்.

அடுத்து ஃபீமாவின் இரண்டு இணையக் கருவிகள். தேசிய அபாயக் குறியீடு என்பதில் கவுண்டியின் பெயரை இட்டால் வெள்ளம், காட்டுத்தீ, நிலநடுக்கம், பனிமழை என்று 18 வகை இடர்களில் எது பெரிது என்று காட்டும். வெள்ள வரைபடத்தில் வீட்டு முகவரியை இட்டால் எந்த மண்டலம் என்று தெரியும். ‘ஏ’ என்ற எழுத்தில் தொடங்கும் மண்டலம் என்றால், எந்த ஓர் ஆண்டிலும் வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்காவது வாய்ப்பு உண்டு என்று பொருள். இதை நூறாண்டு வெள்ளம் என்று சொல்லிச் சொல்லி, ஒருமுறை வந்துவிட்டால் இனி நம் காலத்தில் வராது என்று பலர் நம்பிவிட்டார்கள். அது தவறு. முப்பது ஆண்டு வீட்டுக் கடனைக் கட்டி முடிப்பதற்குள் அந்த வெள்ளம் ஒருமுறையாவது வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது.

வரைபடம் காட்டாததைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் காட்டுவார். ஓடையில் தண்ணீர் இதுவரை எந்த இடம் வரை ஏறியது, மின்சாரம் அதிகபட்சம் எத்தனை நாள் போனது, எந்தப் பாலம் முதலில் மூழ்கும். இந்த மூன்றையும் வந்த முதல் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது: ஒளிவதா, ஏறுவதா, ஓடுவதா?

இதில்தான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். நமக்குப் பழகிய பேரிடர் புயல். அது சின்னமாக உருவாகும், பெயர் வைப்பார்கள், கூண்டு ஏற்றுவார்கள், கரையைக் கடக்கும் நாளைச் சொல்வார்கள். தயாராக இரண்டு மூன்று நாள் கிடைக்கும். இங்கே வருபவற்றில் பல அவ்வளவு அவகாசம் தருவதில்லை. அதைவிட முக்கியம், ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்தால் உயிர் போகும். டொர்னாடோவுக்கு நிலவறை அடைக்கலம், வெள்ளத்துக்கு அதே நிலவறை பொறி.

டொர்னாடோ வந்தால் ஒளிய வேண்டும். நிலவறை இருந்தால் அங்கே, இல்லையென்றால் தரைத்தளத்தில் சன்னல் இல்லாத நடு அறை: குளியலறையோ, துணி அலமாரி அறையோ, படிக்கட்டின் அடியோ. காலில் செருப்புக்குப் பதில் ஷூ, தலையில் சைக்கிள் ஹெல்மெட், மேலே கெட்டியான போர்வை. மொபைல் ஹோம் எனப்படும் நகர்த்தக்கூடிய வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் உள்ளே இருக்கவே கூடாது. தரையோடு பிணைத்திருந்தாலும் அது தாங்காது. பக்கத்தில் எந்தக் கட்டடம் புகலிடம் என்று முன்பே தெரிந்துவைத்து, வானம் மோசமாகும் முன்னரே அங்கே போய்விட வேண்டும். காரில் போகும்போது மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குவதும் ஆபத்து. காற்று அங்கே இன்னும் வேகமெடுக்கும். வசந்த காலத்தில்தான் டொர்னாடோ வரும் என்றும் எண்ணிவிடாதீர்கள். கென்டக்கி மாநிலத்தின் மேஃபீல்ட் ஊரை அது சிதைத்தது 2021 டிசம்பர் 10 அன்று, இரவில்.

வெள்ளம் வந்தால் ஏற வேண்டும். 2025 ஜூலை 4 விடியலில் டெக்சஸின் கெர் கவுண்டியில் குவாடலூப்பே ஆறு முக்கால் மணி நேரத்தில் சுமார் 26 அடி உயர்ந்தது. அந்தப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆற்றங்கரையில் தூங்கிக்கொண்டிருப்பவர் எழுந்து, செய்தி பார்த்து, யோசித்து, பொருளை எடுத்துக்கொண்டு கிளம்ப முக்கால் மணி போதாது. எழுந்தவுடன் மேட்டை நோக்கி நடக்க வேண்டும், காரைத் தேடக் கூடாது. திடீர் வெள்ளத்தில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் வண்டிக்குள் இருந்தவர்கள். ஓடும் நீர் ஆறு அங்குலம் இருந்தாலே ஆளைத் தள்ளும், ஓரடி சிறிய காரை இழுக்கும், இரண்டடி பெரும்பாலான வண்டிகளை மிதக்கவைத்துக் கொண்டுபோகும். சாலை தண்ணீருக்கு அடியில் இருக்கிறதா, அரித்துப்போய்விட்டதா என்று இருட்டில் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே சாலையின் குறுக்கே தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுங்கள். வேலைக்கு நேரமாகிறது என்பது அந்த நேரத்தில் காரணமே அல்ல.

கடலுக்குத் தொலைவில் இருப்பதால் புயல் நம்மைத் தொடாது என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். 2024 செப்டம்பர் 26 அன்று ஃபுளோரிடாவில் கரையேறிய ஹெலீன், நூற்றுக்கணக்கான மைல் உள்ளே போய் வட கரோலினாவின் மலைக் கவுண்டிகளைக் குலைத்தது. ஆஷ்வில் நகரில் குழாய்நீரைக் குடிக்கலாம் என்று அறிவித்தது நவம்பர் 18 அன்றுதான்.

காட்டுத்தீ வந்தால் ஓட வேண்டும், அதுவும் சொல்லும் முன்பே. கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரில் 2018 நவம்பர் 8 காலையில் தீ பிடித்தது. வெளியேறும் சாலைகள் சிலவே. எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். 85 பேர் இறந்தார்கள். அதற்கு எட்டாம் நாள் நம் டெல்டாவில் கஜா புயல் கரையைக் கடந்தது என்பதால் அந்த நவம்பர் எனக்கு மறப்பதில்லை. மேற்கு மாநிலங்கள் பலவற்றில் வெளியேற்றத்தை மூன்று படியாக அறிவிக்கிறார்கள்: தயாராக இரு, எந்த நேரமும் கிளம்பு, இப்போதே போ. வயதான பெற்றோர் ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தாலோ, கைக்குழந்தை இருந்தாலோ, ஆடு மாடு இருந்தாலோ இரண்டாம் படியிலேயே கிளம்பிவிடுங்கள். வீட்டிலிருந்து வெளியேற இரண்டு வழிகளைப் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

தீ வரும் பகுதி என்றால் வீட்டைச் சுற்றி முதல் ஐந்தடியில் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. விறகுக் கட்டு, மரச்சீவல் பரப்பு, காய்ந்த புதர், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் தள்ளிப்போகட்டும். பல வீடுகள் தீச்சுவரால் எரிவதில்லை. காற்றில் முன்னால் பறந்துவரும் கங்கு கூரைத் தூம்பில் கிடக்கும் சருகில் விழுந்துதான் பற்றுகின்றன. தூம்பைத் துடைக்க ஏணியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

பனிப்புயலுக்கு இருந்த இடத்திலேயே இருப்பதுதான் வழி. அதற்கு வேண்டியது கையிருப்பு, அதைக் கீழே சொல்கிறேன். நிலநடுக்கப் பகுதியில் இருப்பவர்கள் உயரமான அலமாரிகளையும் வாட்டர் ஹீட்டரையும் சுவரோடு பிணைத்துவிடுங்கள். அதிரும்போது வெளியே ஓடாமல் மேசைக்கு அடியில் குனிந்து பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: எச்சரிக்கை உங்களை எழுப்ப வேண்டும்

இங்கே ‘வாட்ச்’, ‘வார்னிங்’ என்று இரண்டு சொற்கள் ஓயாமல் காதில் விழும். வாட்ச் என்றால் புற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், பார்த்து நடங்கள். வார்னிங் என்றால் பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டது. வார்னிங் வந்த பிறகு தொலைக்காட்சி பார்த்து உறுதி செய்துகொண்டிருக்க நேரமில்லை.

கைப்பேசிக்குத் தானாக வரும் அவசர எச்சரிக்கை ஒன்று உண்டு. சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று அமைப்பில் போய் அதை அணைத்துவைத்திருந்தால் இன்றே திரும்ப இயக்குங்கள். இரண்டாவதாக, பல கவுண்டிகள் தனியாக ஒரு எச்சரிக்கைச் சேவை நடத்துகின்றன. அதற்கு நீங்களாகப் பெயர் பதிய வேண்டும். எந்தச் சாலை மூடியது, எந்தத் தெரு வெளியேற வேண்டும் என்ற நுணுக்கமான செய்தி அதில்தான் வரும். பதியும்போது வேலையிட முகவரியையும் கொடுங்கள்.

ஆனால் கைப்பேசிக் கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும், மலை மடிப்பில் சிக்னலும் வேண்டும். அதனால் நான் எல்லாருக்கும் முதலில் வாங்கச் சொல்வது நோவா வெதர் ரேடியோ. தேசிய வானிலைச் சேவையின் ஒலிபரப்பை ஏழு அலைவரிசைகளில் எந்நேரமும் வாங்கும் சிறு பெட்டி அது. கவுண்டிக்குரிய ஆறு இலக்க எண்ணை அதில் இட்டுவிட்டால் மற்ற நேரமெல்லாம் வாய் திறக்காது. உங்கள் கவுண்டிக்கு எச்சரிக்கை வந்தால் மட்டும் வீடே எழும்படி கத்தும். மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடும். படுக்கையறையில் வையுங்கள்.

நான்காவது: அவசர அழைப்பு எண்ணான 911க்கு வழி சொல்லத் தெரிய வேண்டும்

கிராமச் சாலையில் வீடுகள் கால் மைல் உள்ளே ஒளிந்திருக்கும். சாலை முகப்பில் எதிரொளிக்கும் எண்பலகை இல்லையென்றால் இரவில் ஆம்புலன்ஸ் கடந்து போய்விடும். பல கவுண்டிகளில் கேட்டால் அந்தப் பலகையைக் கொடுப்பார்கள் அல்லது எங்கே வாங்குவது என்று சொல்வார்கள். முகவரியையும் அருகில் குறுக்கிடும் சாலையின் பெயரையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா தனியாக இருக்கும்போது 911ஐ அழைக்க நேர்ந்தால் அவர் முதலில் சொல்ல வேண்டியது அந்த முகவரிதான். பிறகு ‘தமிழ்’ என்று சொல்லச் சொல்லுங்கள். பல மையங்களில் தொலைபேசி வழியே மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் ஏற்பாடு இருக்கிறது.

ஐந்தாவது: தண்ணீர், சூடு, சாப்பாடு

ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது கிட்டத்தட்ட நாலு லிட்டர். இது குடிக்கவும் கொஞ்சம் கழுவவும் மட்டும். மூன்று நாளுக்கு என்பது குறைந்தபட்சம். கிணற்றுப் பம்பை நம்பியிருக்கும் வீட்டில் இரண்டு வாரத்துக்கு வையுங்கள் என்பேன். நால்வர் குடும்பத்துக்கு 56 கேலன். பெரிய அளவாகத் தெரிந்தாலும் ஐந்து கேலன் கேன்கள் பன்னிரண்டு போதும். புயல் அறிவிப்பு வந்தால் குளியல் தொட்டியையும் நிரப்புங்கள். அது கழிவறைக்கு. வாட்டர் ஹீட்டருக்குள் 40, 50 கேலன் நல்ல தண்ணீர் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். மின்சாரத்தையோ எரிவாயுவையோ அணைத்து, ஆறவிட்டு, அடியிலுள்ள குழாயில் பிடிக்கலாம்.

வெள்ளம் கிணற்றை மூடியிருந்தால், பரிசோதனை முடியும்வரை அந்தத் தண்ணீர் வேண்டாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். எண்ணெயோ பூச்சிமருந்தோ கலந்திருந்தால் போகாது. நகரக் குழாய்நீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னால் நன்றாகக் கொதித்து ஒரு நிமிடம், உயர்ந்த மலைப் பகுதியில் மூன்று நிமிடம் விடுங்கள். அடுப்புக்கு வழியில்லை என்றால் மணமூட்டாத வீட்டு பிளீச், 6 விழுக்காடு வீரியமுள்ளது, ஒரு கேலன் தெளிந்த நீருக்கு எட்டுச் சொட்டு விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள்.

சாப்பாட்டில் நம் வீடுகளுக்கு ஒரு வசதி இருக்கிறது, ஒரு பிழையும் நடக்கிறது. இருபது கிலோ அரிசியும் பருப்பும் இருப்பதால் கவலையில்லை என்று இருந்துவிடுகிறோம். அவற்றை வேகவைக்கத் தண்ணீரும் அடுப்பும் வேண்டும். அவல், பொரி, சத்துமாவு, கடலை, பேரீச்சை, ஊறுகாய், டப்பாவில் அடைத்த கொண்டைக்கடலை என்று அடுப்பு கேட்காதவற்றைத் தனியாக ஒரு பெட்டியில் வையுங்கள். மின்சாரம் போனபின் குளிர்பெட்டியைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃபிரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து மெதுவாகப் படியுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, கராஜிலோ, கதவைத் திறந்துவைத்த கராஜிலோகூட ஓட்டக் கூடாது. வீட்டிலிருந்து குறைந்தது இருபதடி தள்ளி, புகைப்போக்கி சன்னலைப் பார்க்காமல் இருக்க வேண்டும். கரி அடுப்பும் முகாம் அடுப்பும் வெளியே மட்டும்தான். 2021 பிப்ரவரியில் டெக்சஸில் கடுங்குளிரில் மின்சாரம் போனபோது, சூட்டுக்காக வீட்டுக்குள் கரி மூட்டியும் கராஜுக்குள் காரை ஓடவிட்டும் கார்பன் மோனாக்சைடால் இறந்தவர்கள் உண்டு. அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலியும் தூக்கமும் வரும், தூங்கினால் எழ முடியாது. பேட்டரியில் இயங்கும் அலாரத்தை ஒவ்வொரு தளத்திலும் மாட்டுங்கள். ஜெனரேட்டரின் கம்பியைச் சுவர்ப் பிளக்கில் செருகி வீட்டுக்கு மின்சாரம் ஏற்றுவதும் கூடாது. அது கம்பி வழியே வெளியே போய், கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரைக் கொல்லும். அதற்கென மாற்றுச் சுவிட்ச் உண்டு, எலெக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள்.

சூட்டுக்கு, ஓர் அறையை மட்டும் தேர்ந்து எல்லாரும் அங்கே படுங்கள். சன்னலில் கம்பளி மாட்டுங்கள். குழாய் உறையாமலிருக்க, தண்ணீர் வந்துகொண்டிருக்கும் வரை அதை மெல்லிய சொட்டாக விட்டுவையுங்கள்.

ஆறாவது: பையும் காகிதங்களும்

டார்ச், கைப்பேசிக்கு மாற்று பேட்டரி, ரொக்கம் சில்லறையாக, மாற்றுக் கண்ணாடி, மழைச் சட்டை, குழந்தைக்கு டயப்பர். இந்தப் பட்டியல் எங்கும் கிடைக்கும். மருந்துகளில் கவனம் வேண்டும், ஒரு வாரத்துக்காவது கூடுதலாக வையுங்கள். பெரும்பாலான இன்சுலின் வகைகள் சாதாரண அறை வெப்பத்தில் 28 நாள் வரை கெடாது என்பதால் குளிர்பெட்டி நின்றவுடன் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

நமக்கே உரிய கவலை விசா காகிதங்கள். பாஸ்போர்ட், ஐ-797 அனுமதிக் கடிதம், ஐ-94 நகல், கிரீன் கார்டு, சமூகப் பாதுகாப்பு அட்டை, பிறப்பு மற்றும் திருமணச் சான்று, காப்பீட்டுப் பத்திரம் எல்லாம் நீர் புகாத ஒரே உறையில், வாசலுக்குப் போகும் வழியில் இருக்கட்டும். படமெடுத்து இணையச் சேமிப்பில் ஒரு பிரதி, ஊரில் நம்பிக்கையானவரிடம் ஒரு பிரதி.

ஏழாவது: பணம்

சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் தனியாக எடுக்க வேண்டும், எடுத்தபின் வழக்கமாக 30 நாள் கழித்தே அது நடப்புக்கு வரும். வானிலை அறிக்கை பார்த்துவிட்டு எடுக்க முடியாது. கட்டடத்துக்கு 2,50,000 டாலர், உள்ளிருக்கும் பொருட்களுக்கு 1,00,000 டாலர் வரை அதில் உண்டு. வாடகைக்கு இருப்பவர் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

ஃபீமாவின் பண உதவி குடியுரிமை உள்ளவர்களுக்கும் கிரீன் கார்டு போன்ற தகுதி பெற்றவர்களுக்கும் உரியது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் தன் பெயரில் பெற முடியாது. வீட்டில் இங்கே பிறந்த குழந்தை இருந்தால் அந்தக் குழந்தையின் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியை ஒருமுறை சரிபாருங்கள். அவசரகாலத் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் விசா தடையில்லை. காகிதம் கேட்பார்களோ என்று பயந்து மூழ்கும் வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். இன்று மாலையே கைப்பேசியில் ஒவ்வோர் அறையையும், அலமாரிகளைத் திறந்தும், படமெடுத்து வைத்தால் பின்னால் காப்பீட்டாரிடம் பேச அதுவே சாட்சி.

எட்டாவது: ஒரு சனிக்கிழமை ஒத்திகை

மெயின் சுவிட்சைக் காலையில் அணைத்துவிட்டு மாலைவரை இருந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அப்படிச் செய்த அன்று முதலில் அகப்பட்டது கராஜ் கதவு. மின்மோட்டார் இல்லாமல் அது நகரவில்லை, கார் உள்ளே. 2017இல் வடக்குக் கலிஃபோர்னியாத் தீயில் இப்படித்தான் சிலர் கராஜுக்குள் சிக்கிக்கொண்டார்கள். அதன் பிறகே அந்த மாநிலம் 2019 ஜூலை முதல் கராஜ் கதவு மோட்டார்களுக்குப் பேட்டரி கட்டாயம் என்று சட்டம் போட்டது. நம் கதவின் மேல் தண்டவாளத்தில் சிவப்புக் கயிறு ஒன்று தொங்கும். அதை இழுத்தால் மோட்டாரிலிருந்து கதவு விடுபடும், பிறகு கையால் தூக்கலாம். கயிறு என் மகளுக்கு எட்டவில்லை. ஒரு முழம் நைலான் கயிறு முடிந்து நீட்டிக் கட்டினோம், மூன்று முறை அவளையே இழுக்கவைத்தோம். கதவு மிகவும் கனமாக இருந்தால் அதன் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், ஆளை அழைத்து மாற்றுங்கள்.